அந்தத் தப்பு என்னுடையது

கடைக்குள் நுழைந்த பெண் லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வெளியே தூறல். கவுண்டரில் உட்கார்ந்திருப்பது நான். தலைக்கு மேல் போர்டில் 'கண்ணன் கம்ப்யூட்டர்' என்று எழுதியிருப்பது என் பெயர், மாரிக்கண்ணன் என்பதில் பாதி. கையில் ஸ்க்ரூ டிரைவர் வேறு வைத்திருந்தேன். அவளோ என் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "பாபி நஹி ஹை க்யா?" என்று கேட்டாள், அண்ணி இல்லையா என்று. பெயர் ஜுவைரியா, குர்லாவிலிருந்து வருகிறாள், காலேஜில் படிக்கிறாள். லேப்டாப்பை ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. இதெல்லாம் நான் இரண்டாம் தடவை கேட்ட பிறகு சொன்னது. பாபி பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள், கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்றேன். அவள் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வியாதிக்கு வைத்தியம் இரண்டு நிமிட வேலை. மழைக்காலம் தொடங்கியதும் பம்பாயில் பாதி லேப்டாப்புகளுக்கு வருவதுதான். அடிமூடியைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் கரண்டை இறக்க வேண்டும். பிறகு ராம் என்கிற மெமரி அட்டையை உருவி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் தீர்ந்தது. இதை நான் பதினாறு வருடமாகச் செய்கிறேன். சொல்லப்போனால் பேராச்சி இதை என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஆனாலும் அந்தப் பெண் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், பல் பிடுங்க வந்த இடத்தில் பெரிய டாக்டருக்குக் காத்திருப்பவளைப்போல.

பேராச்சி என் மனைவி. அவள் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் தாராவி முழுக்க அவள் பாபி. லாக்டவுன் வரை வீட்டில் உட்கார்ந்து கல்யாண பிளவுசுகளுக்கு முத்தும் ஜரிகையும் தைத்துக்கொண்டிருந்தவள். கடையைப் பூட்டச் சொன்னபோது, பழுதான ஏழெட்டு லேப்டாப்புகளை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அவளுக்கும் தையல் ஆர்டர் இல்லை. சோறு கொதிக்கும் நேரத்தில் போனில் ஹிந்தி வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டே அவற்றில் ஒன்றைப் பிரித்தாள். விளையாடட்டும் என்று விட்டேன். நான் செத்தது என்று ஒதுக்கிய மெஷின் அது. மூன்றாம் நாள், கடுகில் பாதி இருக்கும் ஒரு கெப்பாசிட்டரை நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்து, இதுதான் வெந்துபோய்க் கிடக்கிறது என்றாள். முத்துக் கோத்த கை, நடுங்குவதே இல்லை. பழையதைப் பெயர்த்துப் புதியதை ஒட்டினாள். மெஷின் எழுந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அது கடைசித் தடவை என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் போன் மேப்பில் எங்கள் கடையைத் தேடினால் நூற்றுப் பன்னிரண்டு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். எழுபத்தோரு பேர் பாபியைப் பற்றி. என்னைப் பற்றி நாலே நாலு. அந்த நாலில் ஒருவர், 'பாபியின் கணவரும் நல்ல மனிதர்' என்று எழுதியிருக்கிறார். இதையெல்லாம் யாரும் இல்லாத நேரத்தில் எண்ணிப் பார்ப்பவன் நான். பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரன் மேல் வந்திருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு மறந்துவிடலாம். நான் பொறாமைப்படும் ஆள்தான் எனக்குச் சோறே போடுகிறாள்.

அன்றைக்கு மேஜையில் ஒரு மெஷின் திறந்தபடி கிடந்தது. செம்பூரில் பெண்களுக்கான பயிற்சி மையம் ஒன்றை நடத்தும் ரெனால்ட் என்பவருடையது. சூடாகிச் சூடாகி நின்றுபோகிறது என்று கொண்டுவந்திருந்தார். பேராச்சி பிரித்து, விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றி, மூடுவதற்குள் பள்ளிக்கூடத்தில் எங்கள் மகள் ஷாலினிக்காகக் கூப்பிட்ட மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டாள். கழற்றிய ஸ்க்ரூக்களை வழக்கம்போலப் பணியாரச் சட்டியில் போட்டு வைத்திருந்தாள். ஆமாம், பணியாரச் சட்டி. ஊரில் ஒரு கடையிலும் இந்தக் கூத்து கிடையாது. கைப்பிடி உடைந்த ஏழு குழிச் சட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, மெஷினில் எந்த மூலையில் கழற்றியதோ அந்த மூலைக் குழியில் ஸ்க்ரூவைப் போடுவாள். வாடிக்கையாளர்கள் அதைப் போட்டோ எடுத்து, என்ன அழகு என்பார்கள்.

ஜுவைரியா ஸ்டூலில் இருந்தபடி அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். சட்டியை எடுத்து என் உள்ளங்கையில் கவிழ்த்தேன். எல்லா ஸ்க்ரூவும் ஒன்றாகிவிட்டன. அவள் பார்க்கும்படியாக, குனிந்து தேடாமல், மளமளவென்று ஒவ்வொன்றாகப் போட்டு முடுக்கி மூடினேன். தொழில் தெரிந்தவனுக்குச் சட்டி எதற்கு? ஆன் செய்தேன், மெஷின் ஓடியது. அந்தப் பெண் அதைக் கவனித்தாளா என்பதுகூடத் தெரியவில்லை. குடையை மடக்கிக்கொண்டு பேராச்சி வாசலில் வந்து நின்றாள், ஜுவைரியா எழுந்து நின்றாள். ரப்பர், இரண்டு நிமிடம், திரையில் வெளிச்சம். போகும்போது பாபியோடு ஒரு செல்ஃபி.

பேராச்சி சட்டியைப் பார்த்தாள்.

"யாரு மூடினது?"

"நான்தான்."

"ஸ்க்ரூவெல்லாம் பாத்துப் போட்டியளா?"

"பதினாறு வருசமா மூடுதேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானும் பதினாறு வருடம் என்று சொல்லாமல் இன்னொரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

மாலையில் ரெனால்ட் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மெதுவான பேச்சு. மெஷினை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி என்னிடம் சொன்னார். ஜூலையிலிருந்து பெண்களுக்கு ஹார்டுவேர் வகுப்பு தொடங்குகிறார்களாம், இருபது பேர். பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணே சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். "அக்கா வருவாங்களா அண்ணாச்சி? வாரத்துல மூணு நாள், காலையில மட்டும்." அக்கா ஆறடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் ரெனால்டிடம், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தப்பாக நினைக்க வேண்டாம், ரெனால்ட் மேல் எனக்கு அந்த மாதிரிச் சந்தேகம் எதுவும் இல்லை. அதுவாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிப் புலம்பவாவது முடியும். என்னிடம் குர்லாவில் ஒன்றரை வருடம் படித்து வாங்கிய ஹார்டுவேர் சர்டிபிகேட் இருக்கிறது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்த மனிதர் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் ஒன்பதாவது படித்தவளைப் பாடம் எடுக்கக் கேட்டார். அன்று இரவு முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேராச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், கூச்சப்படுவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இரட்டை மூக்குத்தியில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்திருக்கிறாள். போட்டோவை என் கையில் கொடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்கிக்கொண்டு, தன்பாட்டுக்குச் சொல்வதுபோலக் கேட்டாள்.

"என்னையும் டீச்சர்னு கூப்பிடுவாளுவளா?"

கூப்பிடாமல் என்ன, என்றேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான். அது தெரிந்தும் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை ரெனால்டின் ஆள் அந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சுத்தமாக ஆன் ஆகவில்லை. பேராச்சி கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். முதலில் சார்ஜரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. வேறு சார்ஜர் போட்டேன், ஓரத்து விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. அடிமூடியைக் கழற்றி ஸ்க்ரூக்களை ஒரு பாட்டில் மூடியில் போட்டேன். பேட்டரியைக் கழற்றி, பட்டனை அழுத்திப் பிடித்தேன். ராமை மாற்றி மாற்றிப் போட்டேன். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கடைசியில் மேஜையில் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியின் வயரைக் கொடுத்ததும், பட்டனைத் தொடுவதற்கு முன்பே எண் மளமளவென்று ஏறி, பெட்டி கத்தியது. உள்ளே எங்கோ ஷார்ட். போர்டில் ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. எந்தப் புள்ளி என்று தேடுவதில்தான் எனக்கும் அவளுக்கும் உள்ள வித்தியாசம். மீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கீச்கீச்சென்று தேடினேன். பிறகு ரெனால்டுக்கு போன் செய்து, தண்ணீர் போயிருக்கும்போல் தெரிகிறது என்று அளந்துவிட்டேன். என் மேஜையில் தண்ணி பாட்டில்கூட வைப்பதில்லையே அண்ணாச்சி என்றார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருகிறேன், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்றார்.

மூன்று மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவளிடம், நீ பார் என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக நாற்காலியைக் காலி செய்து கொடுக்கும் முறை அது. அவளுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது அவள் மீட்டரைத் தொடவே இல்லை. பெரிய லென்ஸைக் கவிழ்த்துவைத்து, போர்டில் ஸ்க்ரூ இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சாவது துளையில் நின்றாள். பாட்டில் மூடியிலிருந்து ஸ்க்ரூக்களைக் கொட்டி, இரண்டு விரலால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியாக எடுத்தாள். மற்றவற்றைவிட அது அரிசி மணியில் பாதி அளவு நீளம்.

"இங்க வந்து பாருங்க" என்றாள்.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். துளைக்கு அடியில் போர்டின் பச்சைப் பூச்சு வட்டமாகக் குழிந்து, உரிந்து, உள்ளே இருக்கும் செம்புக் கோடு நசுங்கி மின்னியது. சின்ன ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் பெரியதைப் போட்டு முடுக்கியிருக்கிறது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. சூடேற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, ஒருநாள் அந்தச் செம்புக் கோட்டையும் அதற்கு அடியில் இருக்கும் தகட்டையும் ஒட்டவைத்து ஷார்ட் ஆக்கிவிடும். சட்டியைக் கவிழ்த்த என் உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஸ்க்ரூவை என் பக்கமாக மேஜையில் வைத்துவிட்டு, குனிந்து வேலையைத் தொடங்கினாள். பிளேடால் சுரண்டினாள், நசுங்கிய இடத்தை வெட்டி எடுத்தாள், தலைமுடி கனமுள்ள கம்பியை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குப் பாலம் போட்டு ஒட்டினாள். ஒன்றரை மணி நேரம். நான் வாடிக்கையாளர் யாரும் இல்லாத கவுண்டரில் பில் புத்தகத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

ரெனால்ட் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. தன் ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்தார், இருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி போயிருக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி. எங்க போயிருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்லத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து பேராச்சியின் குரல் வந்தது.

"தண்ணியெல்லாம் இல்ல சார். போன தடவ மூடும்போது ஸ்க்ரூ மாறிட்டு. சின்னது போடுத இடத்துல பெருச போட்டுட்டேன். நான்தான் போட்டேன்."

ரெனால்ட் கோபப்படுகிற ஆள் இல்லை. மனுஷர்தானே அக்கா, யாருக்கும் வரும், மறைக்காமல் சொன்னீர்களே அதுவே பெரிது என்றார். மெஷினைப் பையில் வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். வகுப்பில் பிள்ளைகள் தங்கள் சொந்த லேப்டாப்பைத்தான் பிரித்துப் படிக்கப் போகிறார்கள், ஏதாவது ஆகிவிட்டால் பெற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள், அதனால் இந்த முதல் பேட்சுக்கு மட்டும் அண்ணாச்சி வந்து எடுக்கட்டும், அக்கா அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். செவ்வாய்க்கிழமை தொடக்கம். பேராச்சி, சரி சார் என்றாள். நானும் சரி என்றேன். இரண்டு பேர் சொன்ன சரியும் ஒரே சத்தத்தில்தான் இருந்தன.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் போன பிறகு எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. ஜெயித்துவிட்டோம் என்ற குதூகலம்தான் வந்தது. மறுநாள் அதே ஸ்டூடியோவில் போய் போட்டோ எடுத்தேன். மீசையை ஒதுக்கிக்கொண்டேன். பேராச்சி என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள். பிள்ளைகளுக்கு ராமைக் காட்டும்போது நீங்களே செருகிக் காட்டாதீர்கள், அவளுகள் கையால் செருகட்டும், அப்போதுதான் பயம் போகும் என்று சொல்லிக்கொடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அழுதிருந்தால், இரண்டு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், ஸ்க்ரூவைப் போட்டது யார் என்ற பேச்சும் சேர்ந்தல்லவா வரும்?

சனிக்கிழமை, பழக்கதோஷத்தில் மேப்பைத் திறந்தேன். நூற்றுப் பதின்மூன்றாவதாக ரெனால்ட் எழுதியிருந்தார். ஒரு தவறு நடந்தது, ஆனால் அக்கா தானே முன்வந்து ஒப்புக்கொண்டு, அன்றே சரிசெய்தும் கொடுத்தார், இந்த நேர்மைக்காகவே நான் இனி வேறு கடைக்குப் போக மாட்டேன் என்று. ஐந்து நட்சத்திரம். அதற்குக் கீழே பதினான்கு பேர் விருப்பம் வேறு போட்டிருந்தார்கள்.

இரண்டு தடவை படித்தேன். நான் செய்த தப்புக்கு அவளுக்கு ஐந்து நட்சத்திரம். வேலையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பேரை அவள் எடுத்துக்கொண்டாள். என்னிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரு தப்புதான், சுத்தமாக என் கையால் நான் மட்டுமே செய்தது. அதையும் அவள் எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைவிட அழகாக நிற்கிறாள். இதை மனசாட்சி உறுத்தியது, மனம் திருந்தியது என்றெல்லாம் சொல்லி என்னை நல்லவனாக்கிக்கொள்ள நான் தயாரில்லை. திங்கட்கிழமை காலை செம்பூருக்கு ரயில் ஏறினேன் என்றால், அது என் பொருளை நான் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான்.

ரெனால்ட் வகுப்பறையைத் தயார் செய்துகொண்டிருந்தார். இருபது மேஜை, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிரஷ், ஒரு ரப்பர். நாளைக்குத்தானே அண்ணாச்சி, இன்றைக்கே வந்துவிட்டீர்களே என்றார். உட்காராமலேயே சொன்னேன்.

"சார், அந்த ஸ்க்ரூவ போட்டது நான். அவ இல்ல. அவ அன்னைக்குக் கடையிலயே இல்ல."

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அதிக நேரம் இல்லை, ரெனால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டும் நேரம்தான்.

"அப்ப அக்கா எதுக்கு நான்தான்னு சொன்னாங்க?"

தெரியாது என்றேன். நீங்கள் கேட்கவில்லையா என்றார். இல்லை என்றேன். வியாழனிலிருந்து திங்கள் வரை ஒரே வீட்டில் இருந்துகொண்டா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் பார்த்த பார்வையில் அது இருந்தது. மேஜையில் இருந்த ஒரு ரப்பரை எடுத்து நேராக வைத்தார்.

"ஸ்க்ரூ மாறுறது ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஆனா என் மூஞ்சியப் பாத்து இல்லாததைச் சொல்லியிருக்காங்க. இருபது பொண்ணுங்களை நான் அவங்ககிட்ட ஒப்படைக்கணும். நாளைக்குக் காலையில அவங்களை அனுப்புங்க. ஏன்னு அவங்க வாயால கேட்டுக்கிறேன். அப்புறம் பாப்போம்."

நான் எப்போது வர வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. நல்ல வேளை, கேட்கவில்லை.

கடைக்கு வந்து சொன்னேன். பேராச்சி ஒரு கீபோர்டைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு முழுவதையும் கேட்டாள். அவள் முகம் மாறியதை வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். சாவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் பரப்பிக்கொண்டே, "அப்ப இப்ப நான் பொய்க்காரி" என்றாள். அதையெல்லாம் நான் நினைக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டால் வேலை உனக்கே திரும்பக் கிடைக்கும் என்றுதான் போனேன் என்றேன். அது அந்த நிமிடத்தில் தோன்றிய பொய். அவளுக்குத் தெரியாதா என்ன!

"கெடச்சதயும் வச்சிக்கிடத் தெரியல உங்களுக்கு" என்றாள்.

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"ஏளா, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"அவரு கேக்கத்தான போறாரு. அவருகிட்ட சொல்லிக்கிடுதேன்."

"நான் கேக்கேன்லா."

"நீங்க அங்க போறதுக்கு முன்னால கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். சாப்பாடு போட்டாள், ஷாலினிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள், மறுநாளுக்கென்று தேய்த்து வைத்திருந்த என் வெள்ளைச் சட்டையை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். நான் சுற்றிச் சுற்றி யோசித்தேன். கடைப் பெயர் கெடக்கூடாது என்றா? வெளி ஆள் முன்னால் புருஷன் தலைகுனியக்கூடாது என்றா? என்மேல் இரக்கமா? அல்லது, இவனுக்கு இது வேண்டியிருக்கிறது, வைத்துக்கொள்ளட்டும் என்று பிள்ளைக்கு மிட்டாய் விட்டுக்கொடுப்பதுபோல விட்டாளா? கடைசியாக நினைத்ததுதான் அதிகம் வலித்தது. மற்ற காரணங்களும் ஒன்றும் சுகமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினாள். நீலத்தில் சின்னப் பூப் போட்ட சேலை, முழங்கை வரை ரவிக்கை. நானும் ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஜிடிபி நகர் வரை குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால். பாலத்தில் ஏறி இறங்கியதும் அவள் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். அங்கே நான் நிற்க முடியாது. பத்தடி தள்ளி, டீ ஸ்டால் ஓரமாக ஒதுங்கினேன். ஒரே ஒரு வார்த்தை இப்போதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பன்வேல் வண்டி வந்தது. கூட்டம் ஏறியது, அவளும் ஏறினாள்.

ஜன்னலோரமாக இடம் கிடைத்துவிட்டது. கம்பிக்குப் பின்னால் முகம் தெரிந்தது. நான் கையை உயர்த்தினேன். அவள் பார்க்கவில்லை. பார்வை எங்கோ எதிர்ப்புறத்தில் இருந்தது, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ரெனால்டிடம் சொல்லப்போவதைச் சொல்லிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. சிரிக்கவில்லை, வருத்தமும் இல்லை. எதையோ வரிசைப்படுத்துகிற முகம். நான் கூட்டத்தை விலக்கி இரண்டு அடி முன்னால் போனேன், அவள் உதட்டைப் படிக்க முடியுமா என்று. மழைச் சாரல் கண்ணில் அடித்தது. பதினான்கு வருடம் என்னோடு இருந்தவள் எனக்காக ஒன்றைச் செய்தாள். அது ஏன் என்று எனக்கு முன்னால், நாலு ஸ்டேஷன் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போதுதான், முதல் தடவையாக, தாங்க முடியாத பொறாமை வந்தது.

வண்டி ஊதியது. பேராச்சி மடியில் இருந்த கையை உயர்த்தி, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விரலாக மடக்க ஆரம்பித்தாள். சுண்டு விரல். மோதிர விரல். மூன்றாவதை மடக்கிவிட்டு, நான்காவது விரலை இன்னொரு கையால் பிடித்தபடி, மடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.